எர்த் குழிக்கு ஒரு குடம்

மே 4
கத்திரி ஆரம்பம். ஹார்ட் டிஸ்க் 51 டிகிரி.

மே 6
சாயங்காலம் ஏழு மணிக்கு ஸ்டெபிலைசரில் 168 வோல்ட். தெருவில் எல்லா வீட்டு ஏசியும் ஓடுகிற நேரம். யூபிஎஸ் பேட்டரிக்குப் போவதும் திரும்புவதுமாக டிக், டிக், டிக். ஒவ்வொரு டிக்குக்கும் கை தானாக சேவ் பண்ண கண்ட்ரோல் எஸ் அமுக்குகிறது. சாப்பிடும்போது தட்டோரத்தில்கூட அமுக்கியது. அம்மா பார்த்துவிட்டாள்.

கல்யாண ஆல்பம் கேட்டுப் பெண் வீட்டிலிருந்து போன். எடுக்கவில்லை.

மே 9
யூபிஎஸ் இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை. போன வருஷம் பதினைந்து நின்றது. திறந்தால் பேட்டரி பக்கவாட்டில் உப்பி, பெட்டியை விட்டு வரமாட்டேன் என்கிறது. எலக்ட்ரீஷியன் பாய்தான் நெம்பி எடுத்தார். "25 டிகிரிக்குக் கணக்குப் போட்டுச் செஞ்ச சாமான் தம்பி. அதுக்கு மேல பத்து டிகிரி ஏறினா ஆயுசு பாதி. நீ மேற்குச் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கே. வேலூர்ல."

ராத்திரி ஒன்பதுக்குச் சுவரைத் தொட்டேன். இறக்கி வைத்துக் கால் மணி ஆன தோசைக்கல்.

மே 10
மேசையை வடக்குச் சுவருக்கு மாற்றியாச்சு. டிஸ்க் 55. உள்ளே 4,800 படம், 312 ஜிபி. ஒரே காப்பி. கேமரா தம்பி கார்டுகளை அழித்துவிட்டு அடுத்த முகூர்த்தத்துக்குப் போய்விட்டான்.

மே 12
கம்ப்யூட்டர் கேபினட்டைத் தொட்டால் சுருக். பாய் மீட்டர் வைத்தார்: நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 38 வோல்ட். இரண்டு மூன்றுக்குள் இருக்கணுமாம். எர்த் குழி காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. ஒரு குடம் தண்ணீர், இரண்டு கை கல்லுப்பு. கொஞ்ச நேரத்தில் 6. மாடியிலிருந்து வீட்டுக்காரர், "உப்பு ஊத்தினா தென்னை என்னாவறது?"

அவர் தென்னையில் நான் இதுவரை ஒரு இளநீர் குடித்ததில்லை.

மே 13
துளசிக்கு ஊற்றிய மிச்சத்தை அம்மா எர்த் குழிக்கு ஊற்றினாள்.

மே 15
சிபியு 97 வரை ஏறி, மவுஸ் நகரவில்லை. பக்க மூடியைக் கழற்றினேன். ஹீட்சிங்க் தகடுகளுக்கு மேல் தூசி கம்பளித் துணி மாதிரி ஒரே துண்டாக உரிந்து வந்தது. சூட்டைக் கடத்த சிபியு மேல் தடவுகிற பேஸ்ட், பழையது, வெற்றிலைச் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. புதுசு ஒரு பட்டாணி அளவு. இப்போது 74. இதை ஏன் மார்ச்சிலேயே செய்யவில்லை?

கோணியை நனைத்து ஜன்னலில் கட்டலாம் என்றாள் அம்மா. கம்ப்யூட்டர் ரூமில் வேண்டாம் என்றேன். ஹாலில் கட்டினோம். பல நாள் கழித்துத் தூக்கம்.

மே 16
டிஸ்க் 57.

மே 17
புது டிஸ்க் வாங்கியாச்சு. பழைய யூஎஸ்பி, காப்பி ஆக மூன்று மணி நேரம் காட்டுகிறது. சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் கரண்ட் எந்தப் பகலில் இருந்தது? ராத்திரி ஒரு மணிக்கு வைக்கணும். அப்போதுதான் 220 வருகிறது.

பெண்ணின் அப்பா மறுபடி. எடுத்தேன். "ஆல்பம் மெதுவா வரட்டும் தம்பி. எங்கம்மா இருக்கற படம் மட்டும் இப்ப கெடைக்குமா?" ஏன் என்று கேட்கவில்லை.

மே 18
ராத்திரி 1.40. 22 சதவீதம். மேற்கே மின்னல், சத்தமில்லை. இடி வந்தால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கு என்பார் பாய். நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். பிளக்கைப் பிடுங்கினால் புது பேட்டரியில் பதினைந்து நிமிஷம்.

2.05. பாட்டி ஒன்பது படத்தில் இருக்கிறாள். ஒன்றில் பந்தியில் அப்பளத்தை உடைத்துக்கொண்டு. ஒன்பதையும் செல்லுக்கு ஏற்றினேன்.

2.10. மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவில் பதினொன்று எண்ணினேன்.

2.20. 44 சதவீதம். இப்போது ஆறுதான். அம்மா எழுந்து வந்து பிளக் பக்கத்தில் நிற்கிறாள்.