கருவூலத்தில் கிடைத்த கையெழுத்து

வக்கீல் தொழிலுக்கு வந்து ஐந்தாவது வருடம் தோற்ற ஒரு புரோநோட்டு வழக்கை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. கட்சிக்காரர் சிறு விவசாயி. "இது நான் போட்ட கையெழுத்தே இல்லைங்க" என்று அவர் சொன்னதை முழுசாக நம்பினேன். இன்றும் நம்புகிறேன். அந்த உண்மையை நீதிமன்றத்தில் நிலைநிறுத்தத் தெரியாமல் கெடுத்தது நான்தான்.

அவசரத்தில் ஒரு கையெழுத்து நிபுணரைத் தேடிப் பிடித்தேன். ஒப்பிட்டுப் பார்க்க நான் கொடுத்தவை வக்காலத்திலும் எதிர்வழக்குரையிலும் கட்சிக்காரர் போட்டிருந்த கையெழுத்துகள். புரோநோட்டின் அசல் கோர்ட்டில் இருந்ததால், அதன் ஜெராக்ஸை அனுப்பினேன். ஒரே வாரத்தில் நாங்கள் விரும்பியபடியே அறிக்கை வந்தது. குறுக்கு விசாரணை கால் மணி நேரம்கூட நடக்கவில்லை. "அசலைப் பார்த்தீர்களா?" "இல்லை." "நீங்கள் ஒப்பிட்டதெல்லாம் வழக்கு வந்த பிறகு போட்ட கையெழுத்துகள்தானே?" "ஆமாம்." "அவர் வேண்டுமென்றே மாற்றிப் போட்டிருந்தால்?" நிபுணரிடம் பதில் இல்லை. கட்சிக்காரர் வட்டியோடு பணத்தைக் கட்டினார்.

நிபுணரைப் பற்றிச் சட்டம் அதிகம் பேசுவதில்லை. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 45ஆம் பிரிவு. 2024 ஜூலையிலிருந்து, அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 39ஆம் பிரிவு. அவருடைய கருத்தைச் சாட்சியமாக ஏற்கலாம், ஆனால் அது நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. முராரிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம், கையெழுத்து நிபுணரின் கருத்துக்கு வேறு ஆதாரம் துணையிருந்தே ஆக வேண்டும் என்று விதி இல்லை, ஆனாலும் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும், அவர் சொல்லும் காரணங்களைத் துருவ வேண்டும் என்றது. 1999இல் வந்த ஜெய்லால் தீர்ப்பு இன்னும் தெளிவு. முடிவு சரியா என்று நீதிபதியே சோதித்துப் பார்ப்பதற்கான அறிவியல் அளவுகோலை நிபுணர் கொடுக்க வேண்டும் என்கிறது. இதையெல்லாம் நான் அந்தத் தோல்விக்கு அப்புறம்தான் நிதானமாக உட்கார்ந்து படித்தேன்.

சில வருடங்கள் கழித்து ஓர் உயில் வழக்கு வந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இறந்துவிட்டார். சொத்து முழுவதும் மகனுக்கு என்று ஓர் உயில் வெளிவந்தது. மகள்கள் இருவரும் என்னிடம் வந்தார்கள். உயிலின் தேதி, அவருக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடத்துக்குப் பிந்தையது.

நான் முதலில் பேசிய நிபுணர், உயிலைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், "கையெழுத்து அவருடையதுன்னு வேணுமா, இல்லைன்னு வேணுமா?" என்றார். போனை வைத்துவிட்டேன். இரண்டாவதாகப் பேசியவர் அரசுத் தடய அறிவியல் துறையில் ஆவணப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்ட முதல் கேள்வி: "பக்கவாதத்துக்கு அப்புறம் அவர் எங்கெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கார்?" இவர்தான் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். நான் கொடுத்திருக்க வேண்டிய பொருளை அவர் கேட்டு வாங்குகிறார் அல்லவா?

மகள்களிடம் இருந்ததோ பழைய கிரயப் பத்திரமும் மகளின் கல்யாணக் கடன் பத்திரமும்தான். இரண்டும் அவர் நல்ல உடம்போடு இருந்த காலத்தவை. யோசித்துக்கொண்டே இருந்தபோது மூத்த மகள் சொன்னார், "அப்பாவை வருஷா வருஷம் சார்நிலைக் கருவூலத்துக்கு ஆட்டோவில் கூட்டிட்டுப் போவேன் சார்." பென்ஷன்காரர் நேர்காணல்! உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அங்கே கையெழுத்துப் போட்டாக வேண்டும். அரசு அலுவலகத்தில், ஊழியர் கண் முன்னால், வழக்கு என்ற பேச்சே இல்லாத காலத்தில் போட்டது. இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. கோர்ட் வழியாக அந்த ஆவணங்களை வரவழைக்க மனு போட்டோம். நாலு வாய்தா ஆனது, ஆனாலும் வந்தன. எழுத்தெல்லாம் நடுங்கி, கோட்டை விட்டு இறங்கி, கடைசி எழுத்து பாதியில் நின்றிருந்தது.

ஜெராக்ஸை நிபுணர் தொடக்கூட மறுத்துவிட்டார். அனுமதி வாங்கி, கோர்ட் ஊழியர் பக்கத்தில் இருக்க, அசலை நுண்ணோக்கியில் பார்த்துப் படம் எடுத்தார். ஜெராக்ஸில் கோட்டின் வடிவம்தான் தெரியும். பேனா எங்கே தயங்கியது, எங்கே தூக்கி மறுபடி வைத்தது, எங்கே அழுத்தம் மாறாமல் மெதுவாக நகர்ந்தது என்பதெல்லாம் அசலில்தான் தெரியும் என்று எனக்கும் ஒரு மணி நேரம் காட்டினார். உயிலில் இருந்த கையெழுத்து நடுங்கவில்லை. பழைய கிரயப் பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்த கையெழுத்தின் மேல் அச்சு அசலாகப் பொருந்தியது.

ஒருவர் போடும் இரண்டு கையெழுத்துகள் ஒன்றுபோல் இருக்கும், ஆனால் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே பொருந்துவது மிக மிக அரிது. பொருந்தினால், பார்த்து வரைந்ததோ என்று சந்தேகிக்க வேண்டும். 1860களில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் நடந்த ஹவ்லண்ட் உயில் வழக்கில் கணித மேதை பெஞ்சமின் பியர்ஸ் இதைத்தான் கணக்குப் போட்டுக் காட்டினார்: 42 கையெழுத்துகளை இரண்டிரண்டாக வைத்து, ஒவ்வொன்றிலும் உள்ள 30 கீழிழுப்புக் கோடுகளை ஒப்பிட்டார். அந்த வழக்கு கடைசியில் வேறொரு சட்டக் காரணத்தால் முடிந்தது என்றாலும், அவர் செய்த முறை இன்றும் பேசப்படுகிறது.

எனக்கு ஆசை கூடிவிட்டது. "மை எவ்வளவு பழசுன்னும் ஒரு வரி சேர்த்துடுங்க, அவர் இறந்த பிறகு எழுதினதுன்னு நிரூபிச்சுடலாம்" என்றேன். "முடியாது" என்றார் நிபுணர். எழுத்தின் வயதைச் சொல்லத் தங்களிடம் வழி இல்லை என்று தடய அறிவியல் துறையே சென்னை உயர் நீதிமன்றத்தில் தெரிவித்ததையும், அது 2010இல் ஒரு தீர்ப்பில் பதிவானதையும் எனக்கு நினைவுபடுத்தினார். யார் வரைந்தது என்பதையும் சொல்ல முடியாது என்றார். வரைந்த கோட்டில் வரைந்தவரின் பழக்கம் தங்குவதில்லையாம். அறிக்கையில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை. எங்களுக்குச் சாதகமில்லாத இரண்டு பத்திகளும் அப்படியே போயின.

கூண்டில் ஏறும் முன் அவரிடம் நான் பதில் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்தான் எனக்கு ஒரு மாலை முழுக்கப் பாடம் எடுத்தார். என்ன கேட்டால் படங்கள் நீதிபதிக்கு வரிசையாகப் புரியும் என்று கேள்விகளை அடுக்கிக் கொண்டோம். எதிர்த்தரப்பு வக்கீல் அனுபவசாலி. "மையின் வயதைச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். "முடியாது." "யார் எழுதியது?" "சொல்ல முடியாது. ஐந்தாவது பத்தியில் அதை எழுதியிருக்கிறேன்." நீதிபதி அறிக்கையைப் புரட்டி அந்தப் பத்தியைப் படித்தார். பிறகு அவரே கருவூலப் படிவங்களை வாங்கி உயிலுக்குப் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

உயில் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் முன்னுக்குப் பின் முரணாகப் பேசியது, மருத்துவமனைப் பதிவேடு, நிபுணரின் கருத்து, மூன்றையும் சேர்த்துத்தான் நீதிபதி எழுதியிருந்தார். நிபுணர் மட்டும் போதும் என்று நான் எந்த ஜூனியரிடமும் சொல்வதில்லை.

தீர்ப்பு நாளன்று மூத்த மகள் சொத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "கருவூலத்துல இருந்து வந்துச்சே சார், அந்த ஃபாரம், அது அப்பா கடைசியாப் போட்ட கையெழுத்து. எனக்கு ஒரு காப்பி கிடைக்குமா?" என்றார். மறுநாளே நகல் மனு போட்டோம்.