அண்டிப்பருப்பில் கொலஸ்ட்ரால் இல்லை மக்களே

குமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் யாரிடம் அண்டிப்பருப்பு, அதாவது முந்திரிப்பருப்பு, நல்லது என்று சொன்னாலும் "ஐயோ, கொலஸ்ட்ரால்!" என்கிறார்கள். முந்திரிக்கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் பட்டு கை பொள்ளப் பொள்ளப் பெண்கள் உடைத்துத் தரும் பருப்புக்கு அண்டி ஆபீஸ்கள் (முந்திரி உடைக்கும் ஆலைகள்) நிறைந்த ஊரிலேயே இந்தப் பெயர்! செடியிலும் மரத்திலும் விளையும் எந்தப் பருப்பிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. கொழுப்பு உண்டு, ஆனால் அதில் பெரும்பகுதி இதயத்துக்கு நல்லதான நிறைவுறாத கொழுப்பு.

ஸ்பெயினில் இதய நோய் வரும் ஆபத்து அதிகமுள்ள ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த பிரெடிமெட் ஆய்வில் (2013இல் வந்தது, குறைகளைச் சரிசெய்து 2018இல் மறுபடி வெளியிட்டார்கள்), மத்திய தரைக்கடல் பாணி உணவோடு தினம் 30 கிராம் வால்நட், பாதாம், ஹேசல்நட் கலந்து சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைவாகவே வந்தன, குறிப்பாகப் பக்கவாதம்.

30 கிராம் என்றால் ஒரு கைப்பிடி. டிவி பார்த்துக்கொண்டே கால் கிலோ பாக்கெட்டைக் காலி செய்வது வேறு கதை, 100 கிராம் அண்டிப்பருப்பிலேயே சுமார் 550 கலோரி இருக்கிறது.

விலை கட்டுப்படியாகவில்லையா? கப்பலண்டி, அதாவது நிலக்கடலை, போதும். 100 கிராமில் சுமார் 25 கிராம் புரதம், அண்டிப்பருப்பில் 18தான். எண்ணெயில் பொரித்து உப்பு தூவியதை விட்டுவிட்டு வறுத்ததோ அவித்ததோ வாங்குங்கள்.

அப்புறம், இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம் நம்முடையது. ஈரம் பட்ட கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், வறுத்தாலும் முழுசாகப் போகாது. காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், கசந்தால் துப்பிவிடுங்கள். அலர்ஜி உள்ளவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு முழுப் பருப்பு தொண்டையில் சிக்கும், பொடித்தே கொடுங்கள்.