விளக்கேற்றாத நாட்களும் என் வலது காலும்

வலது காலிலிருந்து செருப்பு கழன்று போனது எனக்குத் தெரியாது. உறையூர் கடைவீதியில் காய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது பூக்கார அம்மா கூப்பிட்டு, “டீச்சர், ஒத்தச் செருப்பு அங்க கெடக்கு பாருங்க” என்றார். குனிந்து பார்த்தால் வெறுங்கால். சித்திரை வெயிலில் தார் ரோடு கொதிக்கிறது, பாதத்துக்கு அது உறைக்கவே இல்லை. முந்தின வாரம் இதே காலோடு மலைக்கோட்டை ஏறி இறங்கியிருந்தேன். அப்போது ஒன்றுமில்லை.

எனக்கு மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற உறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடுகிற நோய். 2017-ல் மகன் பிறந்த மூன்றாம் மாதம் வலது கண் மங்கி, சிவப்பெல்லாம் சாயம் போன துணி மாதிரி தெரிந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்ததும் தெரிந்துவிட்டது. அன்று டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, “குழந்தைக்கு எத்தனை மாசம்?” என்பதுதான். காரணம் உண்டு. ஐரோப்பாவில் 12 நாடுகளில் 254 பெண்களைக் கவனித்து 1998-ல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ரிலாப்ஸ், அதாவது நோய் மறுபடி தாக்குவது, நன்றாகக் குறைவதும், பிரசவமான முதல் மூன்று மாதங்களில் ஏறுவதும் தெளிவாகத் தெரிந்தது. பெண் உடம்பின் ஹார்மோனுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கிறதென்று டாக்டர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அடுத்த இரண்டு வருடத்தில் ஒருவர்கூட என்னிடம், “கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது?” என்று கேட்கவில்லை. அந்த ஆதங்கம் இன்னும் போகவில்லை.

2019-ல் கால் இப்படி ஆனதும், ரிலாப்ஸ் என்று நினைத்து ஐந்து மாதத்துக்குள் இரண்டு தடவை ஸ்டீராய்டு ஏற்றினார்கள். மெத்தில்பிரெட்னிசலோன், நாளுக்கு ஒரு கிராம், டிரிப்ஸில். வாயெல்லாம் இரும்பு நக்கின சுவை. ஐந்து ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை, சர்க்கரை 200-ஐத் தாண்டியது. இரண்டாவது தடவை ஊசி ஆரம்பித்த அன்றே மாதவிடாய் வந்தது, மறுநாள் கால் தெளிந்துவிட்டது. மருந்தின் வேலை என்றார்கள். “டாக்டர், போன தடவையும் பீரியட்ஸுக்கு முந்தின வாரம்தான் இப்படி ஆச்சு” என்றேன். “அந்த நேரத்துல எல்லாப் பொம்பளைங்களுக்கும் அசதி இருக்கத்தாம்மா செய்யும்” என்று அடுத்த ஃபைலை எடுத்துவிட்டார். அசதி வேறு, காலில் செருப்பு இருக்கிறதா என்று தெரியாமல் போவது வேறு. அதை எடுத்துச் சொல்ல அன்று என்னிடம் வார்த்தையும் இல்லை, கணக்கும் இல்லை.

கண்டுபிடித்தது அம்மா. ஒருநாள் குழம்பு கொதிக்கும்போது என் கையிலிருந்து கரண்டி நழுவியது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, “ரெண்டு மூணு நாள்ல நீ விளக்கேத்த மாட்டடி, பாரு” என்றாள். எனக்குப் புரியவில்லை. “மாசாமாசம் பாக்குறேன். நீ கரண்டியக் கீழ போட்டா, அந்த வாரமே சாமி விளக்கு என் தலையில விழுது. நீ குளிச்சு மறுபடி ஏத்துறப்போ கை நேரா இருக்கு.” தூரம், தீட்டு என்று அம்மா பார்க்கிற கணக்கில் எனக்கு உடன்பாடே கிடையாது. ஆனால் அந்தக் கணக்கு இருந்ததால்தான் அவள் கண்ணில் இது பட்டது.

அன்று ராத்திரியே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வைத்திருக்கும் கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்தேன். மாதவிடாய் வந்த நாள் ஒன்று, அடுத்தது இரண்டு என்று எண் போட்டேன். காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே, நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டர். சாயங்காலம் செருப்பு கழன்றதா, கரும்பலகையில் எழுதிய வரி கீழே சரிந்ததா, சிறுநீரை அடக்க முடிந்ததா, எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று ஒரு வரி. நல்ல நாளையும் விடாமல் எழுதினேன். கெட்ட நாளை மட்டும் எழுதினால் எல்லா நாளும் கெட்ட நாளாகவே தெரியும்.

நான்கு மாதம் எழுதினதும் கணக்கு டீச்சருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முதல் பதினான்கு நாள் காலை வெப்பம் 97.3, 97.4 என்றே நின்றது. பதினாறாம் நாள் வாக்கில் ஏறி 98-ஐத் தொட்டு அங்கேயே இருந்தது. மாதவிடாய் வருகிற சமயம் மறுபடி இறங்கியது. செருப்பு கழன்ற நாட்கள் அத்தனையும் 22-ஆம் நாளுக்குப் பிறகு. மே மாதப் பக்கத்தில் மட்டும் 18-லேயே தொடங்கியிருந்தது. கத்திரி வெயிலும் சேர்ந்துகொண்டது.

நோட்டை எடுத்துக்கொண்டு வேறொரு நரம்பியல் டாக்டரிடம் போனேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார், அவசரப்படவில்லை. பிறகு சொன்னார்: “இது புதுசா வந்த அடி இல்லம்மா. பழைய காயந்தான் பேசுது.” கருமுட்டை வெளியானதும் புரோஜெஸ்டிரோன் ஏறும், அதோடு உடல் வெப்பமும் அரை டிகிரிக்கு மேல் கூடும். உறை அரித்துப்போன நரம்பில் செய்தி ஏற்கனவே தட்டுத் தடுமாறித்தான் ஓடுகிறது. அந்தச் சின்னச் சூட்டுக்கே அது நின்றுபோகலாம். சூடு தணிந்தால் திரும்ப ஓடும். வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் டாக்டர் 1890-லேயே இதை எழுதிவைத்தார். அவருடைய நோயாளிகளுக்கு ஓடியாடினால் பார்வை மங்கியது, உட்கார்ந்து ஆறினதும் தெளிந்தது. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன்னால் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து அறிகுறி கூடுகிறதா என்று பார்த்தே இந்த நோயைக் கண்டுபிடித்தார்களாம். கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மாதாமாதம் என் உடம்பு அந்தச் சோதனையைத் தானாகவே செய்துகொண்டிருந்திருக்கிறது.

சூடு மட்டுமே காரணம் இல்லை, தூக்கம் கெடுவதும் வலியும் ஹார்மோன் இறங்குவதும் சேர்ந்துதான் படுத்தும் என்றார். எல்லாருக்கும் இப்படி ஆகும் என்றும் இல்லை, எம்.எஸ். உள்ள பல பெண்களுக்கு மாதவிடாயால் ஒரு மாற்றமும் தெரியாது.

ரிலாப்ஸ் என்றால் என்ன என்பதையும் அவர்தான் பொறுமையாகச் சொல்லித்தந்தார். காய்ச்சலோ தொற்றோ இல்லாமல், புது அறிகுறியோ பழையது மோசமாவதோ 24 மணி நேரத்துக்கு மேல் விடாமல் நீடிக்க வேண்டும். அதனால் இப்போது கால் மக்கர் செய்தால் முதலில் நோட்டைப் பார்ப்பேன், பிறகு காய்ச்சல், பிறகு சிறுநீர்ப் பரிசோதனை. இந்தச் சிறுநீர் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். எம்.எஸ். உள்ளவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று சுலபமாக வரும், எரிச்சல்கூடத் தெரியாமல் காலை முடக்கிப்போடும். அதைப் பார்க்காமல் ஸ்டீராய்டுக்குச் சம்மதிக்காதீர்கள்.

மகப்பேறு டாக்டர் ரத்தம் பார்த்தார். ஹீமோகுளோபின் 8.6. உதிரப்போக்கு அதிகமென்று தெரிந்தும் நான் யாரிடமும் சொன்னதில்லை. மூன்று மாத இரும்புச்சத்து மாத்திரையில் 11-ஐத் தாண்டியது. எம்.எஸ். தலையில் போட்டிருந்த களைப்பில் பாதி இதனுடையது. மாதவிடாயை நிறுத்திவைக்க இடைவெளியில்லாமல் கருத்தடை மாத்திரை எடுக்கலாம் என்றும் சொன்னார். ஆனால் நடமாட்டம் குறைந்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையால் ரத்தம் உறைகிற ஆபத்து உண்டு என்பதால் முதலில் மற்றதைப் பார்ப்போம் என்று விட்டுவிட்டோம்.

மற்றதென்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இருபதாம் நாளிலிருந்து மதிய வகுப்புக்கு முன்னால் ஐஸ் தண்ணீர் ஒரு டம்ளர். பள்ளிக்கூட ஃப்ரிட்ஜில் நனைத்து வைத்த துண்டு ஒன்று, கழுத்தில் பத்து நிமிடம். பின்பக்கம் வார் வைத்த செருப்பு. தலைமையாசிரியையிடம் வெட்கத்தை விட்டு விஷயத்தைச் சொன்னேன். மாடி வகுப்பை அந்த வாரம் மட்டும் கீழே மாற்றித் தந்தார். சொல்லும்வரை இருந்த பயம் சொன்ன பிறகு இல்லை.

2022 ஆவணியில் ஒருநாள் இடது கை விரல் நுனிகள் மரத்துப்போயின. சாக்பீஸைப் பிடித்திருக்கிறேனா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. என் கணவர் ஆறுதலாக, “டேட் பக்கத்துல வருதா?” என்று கேட்டார். நோட்டை எடுத்தேன். ஒன்பதாம் நாள். காலை வெப்பம் 97.3. சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. இடது கை அதுவரை ஒருமுறைகூட நோட்டில் வந்ததே இல்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் காலையிலேயே போனேன். டாக்டர் நோட்டைப் பார்த்ததும் எம்.ஆர்.ஐ.க்கு எழுதினார். கழுத்துத் தண்டுவடத்தில் புதிதாக ஒரு வெள்ளைப் புள்ளி. இந்தத் தடவை ஸ்டீராய்டு ஏற்றும்போது எனக்கு மறுப்பில்லை. எம்.எஸ்.ஸுக்கு எடுத்துவந்த மாத்திரையை நிறுத்தி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுகிற ரிட்டுக்சிமாப் என்ற மருந்துக்கு மாற்றினார்கள்.

அதற்குப் பிறகு புதுப் புள்ளி வரவில்லை. செருப்பு இன்னமும் 22-ஆம் நாளுக்கு மேல்தான் கழல்கிறது. இப்போது எழுதுவது ஐந்தாவது நோட்டு.