அவன் பார்க்காத படம்

2015 தீபாவளிக்கு ‘தூங்காவனம்’ வெளியான அன்று மாலை, பக்கம் அச்சுக்குப் போக ஒரு மணி நேரமே இருந்தபோது, அதன் விமர்சனத்தில் நான் எழுதிச் சேர்த்த இரண்டு வாக்கியங்களைப் பற்றி இன்றும் என்னால் ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. விமர்சனத்தை எழுதியவன் பணியில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத இளைஞன். சினிமாப் பக்கத்துக்கு நான் பொறுப்பு.

‘தூங்காவனம்’ ஒரு மறுஆக்கம். அதன் மூலமான, பிரெடெரிக் ஜார்தான் இயக்கிய ‘நுய் பிளான்ஷ்’ என்ற 2011-ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் படத்தை நான் முன்பே பார்த்திருந்தேன். போதைப்பொருளைப் பறித்த காவல் அதிகாரியின் மகனை இரவு விடுதி உரிமையாளர் பிடித்து வைத்துக்கொள்ள, வயிற்றில் கத்திக்குத்துடன் அந்தத் தகப்பன் ஒரே இரவில் விடுதிக்குள் அலையும் கதை அது. கழிப்பறையில் ஒளித்த பை காணாமல் போவதும், சமையலறைச் சண்டையும் எனக்கு மனப்பாடம். அவனோ தமிழ்ப் படத்தைத் தனிப் படமாகவே பார்த்திருந்தான். பாடல்களால் கதையை நிறுத்தாத துணிவையும், சானு வர்கீஸின் ஒளிப்பதிவையும் பாராட்டிவிட்டு, வலியை மறைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் மகனைத் தேடும் தகப்பனைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தான். அதில் அவனுடைய சொந்தத் தகப்பனின் சாயல் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அன்று அப்படி நினைக்கவில்லை.

அந்தப் பத்தியை நான் பாதியாகக் குறைத்தேன். அந்த இடத்தில், இக்காட்சிகள் மூலப்படத்தின் வரிசையிலேயே அமைந்துள்ளன என்றும், மூலத்தில் இருந்த மூச்சுமுட்டல் இங்கே சற்றுத் தளர்ந்திருக்கிறது என்றும் எழுதினேன். பக்கத்தின் படியைப் பார்த்த அவன் என் மேசைக்கு வந்து, “சார், நான் அந்தப் பிரெஞ்சுப் படத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்தவன் மாதிரி என் பெயரில் எப்படி வரலாம்?” என்று கேட்டான். “பெயர் உன்னுடையதுதான், பக்கம் என் பொறுப்பு” என்றேன். அவன் தலையசைத்துவிட்டுப் போனான். விமர்சனம் அப்படியே வெளிவந்தது.

வாசகருக்கு உண்மையைச் சொல்ல வேண்டியது என் கடமை என்று அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூலத்தின் பெயரைச் சொல்லாமலே கதைகளை எடுத்தாண்ட பழக்கம் தமிழ்த் திரையில் நீண்ட காலம் இருந்திருக்கிறது. அதைக் கண்டுகொள்ளாத விமர்சகர், அந்த மௌனத்தில் தானும் பங்கேற்கிறார் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்தப் படம் மறுஆக்கம் என்பதை அதன் குழுவினர் மறைக்கவில்லை. அப்படியென்றால் நான் வெளிப்படுத்திய உண்மைதான் எது? தளர்வு என்று நான் எழுதியது படத்தின் குறையா, அடுத்து என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்தவனுக்குப் பதற்றம் குறைவது இயல்புதானே என்பதை நான் யோசித்தேனா? யோசிக்கவில்லை.

2017-இல் ஜேமி பாக்ஸ் நடிப்பில் இதே கதை லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிக்குள் ‘ஸ்லீப்லெஸ்’ என்ற பெயரில் வந்தது. அங்கே விமர்சகர்கள் பெரும்பாலும் அதைச் சாடினார்கள், எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் படம் ஓடும்போது என் மனம் ஒப்பிட்டது பிரெஞ்சுப் படத்தோடு அல்ல, ‘தூங்காவனம்’ படத்தின் கமல்ஹாசனோடும் பிரகாஷ்ராஜோடும். மகனிடம் கமல் பேசும் தொனி ஜேமி பாக்ஸிடம் இல்லையே என்று நினைத்த கணத்தில், நான் வெட்டிய பத்தி நினைவுக்கு வந்தது. தளர்ந்தது என்று நான் எழுதிய படமே எனக்குள் மூலமாக நின்றுவிட்டிருந்தது. 2023-இல் இதே கதை ‘பிளடி டாடி’ என்று இந்தியில் வந்தபோது, அதை முதலில் பார்க்கும் ஒருவருக்கு ஷாகித் கபூரே மூலம் என்பதை ஏற்பதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

இருந்தும் ஒப்பீடே கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. எதை மாற்றினார்கள், எதை விட்டார்கள் என்று கேட்காமல் மறுஆக்கத்தின் உழைப்பை மதிப்பிட வழியில்லை. அந்தக் கேள்வியை என் பெயரில் தனியே ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டிருக்கலாம். பக்கத்தில் இடமில்லை என்று அன்று சொல்லிக்கொண்டேன். இடம் இருந்தது, தீபாவளி வாழ்த்துக் குறிப்பு ஒன்றை எடுத்திருந்தால் போதும்.

அவன் இரண்டு ஆண்டுகளில் வேறு வேலைக்குப் போய்விட்டான். சென்ற ஆண்டு இன்னொரு மறுஆக்கத்தின் விமர்சனம் மேசைக்கு வந்தபோது, அதை எழுதிய பெண்ணை அழைத்து, மூலத்தைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டேன். “சேருங்க சார்” என்று உடனே சொன்னாள். சேர்த்தேன். அவள் அந்த மூலத்தைப் பார்த்திருக்கிறாளா என்று மட்டும் நான் கேட்கவில்லை.