ராட் வரும்வரை

பிப்ரவரி 9
போர்ஷே 944 காரின் எஞ்சினைப் பிரித்தேன். கெட்டது இரண்டாவது ராடின் (பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கம்பி) பேரிங்தான். வேறு எதுவாக இருக்கும்? மேல்பூச்சு போய் செம்பு தெரிகிறது. மற்ற மூன்றிலும் ஒரு கீறல்கூட இல்லை.

பிப்ரவரி 10
போர்ஷே 944 எஞ்சினைப் பிரித்த யாரைக் கேட்டாலும் முதலில் இந்த இரண்டாம் ராடைத்தான் சொல்வார்கள். நீண்ட வளைவில் வேகம் குறையாமல் போனால் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுகிறது. அந்த பேரிங்குக்குப் போய்ச் சேர்வதில்லை. கிராங்குக்கு பாலிஷ் போதுமாம். அரைக்கும்படி ஆகியிருந்தாலும் அரைத்துக் குறைந்த தண்டுக்கேற்ற பேரிங்தான் (அண்டர்சைஸ்) தேட வேண்டும், ராடின் அளவு மாறாது.

பிப்ரவரி 13
தூக்கம் இல்லை. புது ராடின் நீளமே மனதில்: 150, 150.

பிப்ரவரி 14
ராடின் இரு முனைத் துளைகளின் மையத்துக்கு மையம் 150 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 78.9, அதில் பாதி 39.45. இரண்டோடும் பிஸ்டனில் ராடை மாட்டும் முளையான 'பின்'னின் மையத்திலிருந்து மேல்தளம் வரையுள்ள உயரத்தைக் கூட்டினால் பிளாக்கின் உயரத்துக்குள் அடங்க வேண்டும். வேறு எஞ்சினின் 152 மி.மீ. ராட் ஒன்று மலிவாக இருக்கிறது, "ரெண்டு மில்லிதானே" என்கிறார் விற்பவர். அந்த ரெண்டு மில்லியும் பிஸ்டனை மேலே தள்ளும், சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டில் போய் இடிக்கும். பின்னை மேலே ஏற்றிய பிஸ்டன் வாங்கினால் சரியாகும். அப்புறம் மலிவு எங்கே? நீளம் பொருந்தினாலும் பின் விட்டம், ஸ்மால் எண்டின் (பிஸ்டன் பக்க முனை) அகலம், பிக் எண்ட் (கிராங்க் பக்க முனை) துளை, அதன் அகலம் எல்லாம் பொருந்த வேண்டும். ஒன்று தப்பினாலும் ஆகாது.

ராடின் குறுக்குவெட்டு எச் வடிவமா, ஐ வடிவமா என்று சண்டை வேறு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு இரண்டுமே தாங்கும். என் கவலை எல்லாம் ராடைக் கிராங்கில் இறுக்கும் போல்ட்.

பிப்ரவரி 17
இரண்டாவது ராடை மட்டும் மாற்றினால் போதாதா என்கிறான் தம்பி. போதாது. நிமிடத்துக்கு 6000 சுற்றில் பிஸ்டன் உச்சியில் திரும்பும் நொடியில் ஸ்மால் எண்டின் ஒரு கிராம் ஏறக்குறைய 2 கிலோவாக இழுக்கும். நான்கு புது ராடாகவே சொல்லியிருக்கிறேன், நான்கும் ஒரே எடை, அதுவும் இரண்டு முனையும் தனித்தனியாக.

பிப்ரவரி 20
வரவில்லை.

பிப்ரவரி 21
வரவில்லை. பழைய ராடுகளை மறுபடி எடை போட்டேன், எதற்கென்று தெரியவில்லை.

பிப்ரவரி 24
வந்துவிட்டது! பிக் எண்டை மூடும் கேப்பும் ராடும் சேர்த்தே துளை போடப்பட்டவை. எண் மாறி மாட்டினால் வட்டம் வட்டமாக இருக்காது. ஒவ்வொரு கேப்பையும் அதன் ராடோடு கட்டி வைத்தேன். பிஸ்டன் பின் ஸ்மால் எண்டில் கட்டைவிரல் அழுத்தத்தில் வழுக்கிப் போகிறது. நல்லது.

பிப்ரவரி 25
எடை சரி. நாலுக்கும் சரி. நன்றாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 27
முறுக்கு விசையைக் காட்டும் டார்க் ரெஞ்சை நம்பி இறுக்க மனம் வரவில்லை. மரையில் தடவும் எண்ணெயைப் பொறுத்து அது காட்டும் எண்ணின் அர்த்தமே மாறும். அதனால் போல்ட் எவ்வளவு நீள்கிறது என்பதை கேஜ் வைத்துப் பார்க்கிறேன். தளர்த்தினால் பழைய நீளத்துக்குத் திரும்ப வேண்டும்.

மூன்றாம் ராடில் ஒரு போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பவில்லை. கேஜைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இல்லை.

பிப்ரவரி 28
போல்ட் கேட்டு எழுதியிருக்கிறேன். ஒன்றாகத் தருவார்களா, செட்டாகத்தான் வாங்கணுமா?