பார்க் மெற்றோ கிட்டவோ?

கனடாவின் மொன்றியல் நகரத்தில் பார்க் எக்ஸ்டென்சன் என்ற பகுதியில் வீடு தேடுபவர்கள் வாடகைக்கு அடுத்ததாக விசாரிப்பது, "மெற்றோ கிட்டவோ?" என்றுதான். பனிக்காலத்தில் வந்திறங்கியவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். நாங்களும் மாசி மாதத்தில்தான் வந்தோம். பார்க் நிலையம் நடக்கிற தூரத்தில் இருந்தபடியால்தான் அந்த முதல் குளிரிலும் வேலைக்கும் பிரெஞ்சு வகுப்புக்கும் ஒழுங்காகப் போய்வர முடிந்தது.

வெளியில் நின்று பார்த்தால் மெற்றோ நிலையம் என்று நம்பமாட்டீர்கள். 1931இல் கனடியன் பசிபிக் ரயில்வே கட்டிய ஜோன்-தலோன் ரயில் நிலையக் கட்டடம் அது. 1987இல் மெற்றோவின் நீலப் பாதை இங்கே வந்தபோது, மெற்றோ வாசலை அந்தக் கட்டடத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். இடிக்காமல் விட்டதற்கு நன்றி சொல்லவேண்டும், அவ்வளவு அழகு.

இந்த நகரத்து மெற்றோ எங்கேயும் வெளியே தலைகாட்டாது. 68 நிலையங்களும் நிலத்துக்குக் கீழேதான். ரயில் ஓடுவது ரப்பர் ரயரில். பனியும் ஐஸும் அதற்கு ஒத்துவராது. ஓடுகிற ரயில்களின் சூட்டிலேயே மேடைகள் கதகதப்பாக இருக்கும். ரயில் தள்ளுகிற காற்றும் சும்மா இருக்காது, வாசல்வரை வரும். அதனால் வாசல் கதவுகளை ஓரத்தில் கீல் வைக்காமல், நடுவில் நிமிர்ந்த அச்சில் சுழலும்படி செய்திருக்கிறார்கள். ஒரு பாதி உள்ளே போக மறுபாதி வெளியே வரும். தள்ளுவண்டியில் பிள்ளையோடு போகிறவர்கள் அந்தக் கதவில் கொஞ்சம் கவனமாக இருக்கவேண்டும்.

புதிதாக வருபவருக்கு முதலில் சொல்லிக்கொடுக்கவேண்டியது ஒன்று. பாதையின் நிறம் தெரிந்தால் போதாது, கடைசி நிலையத்தின் பெயரும் தெரிந்திருக்கவேண்டும். பலகையில் திசையை அப்படித்தான் காட்டுவார்கள்: நீலத்தில் ஒரு பக்கம் ஸ்னோடன், மறுபக்கம் சென்-மிஷெல். அறிவிப்பெல்லாம் பிரெஞ்சில்தான். ஒரு சொல்லும் பிடிபடாமல் நான் முழித்த நாட்களில் கீழ்வீட்டு அக்கா, "தங்கச்சி, பேர் விளங்காட்டி சுவரைப் பார். ஒண்டைப் போல மற்றது இராது" என்றா. உண்மைதான். மொன்றியலில் நிலையங்களை வெவ்வேறு கட்டடக் கலைஞர்களிடம் கொடுத்துக் கட்டுவித்திருக்கிறார்கள். பார்க்குக்கு அடுத்த அக்காடி இளஞ்சிவப்பாக இருக்கும். ஷாம்-து-மார்ஸ் நிலையத்தில் 1968இல் ஓவியர் மார்செல் ஃபெரோன் செய்த வண்ணக் கண்ணாடிச் சுவர், வெயில் நாளில் தரையெல்லாம் நிறம் கொட்டும். எழுத்துப் பிடிபடாத ஒருத்திக்கு நகரம் இப்படியும் உதவி செய்யலாம் என்று அப்போதுதான் கண்டேன்.

நீலப் பாதையில் இன்னும் பழைய எம்.ஆர்-73 ரயில்கள்தான், 1976 முதல் இந்த நகரத்தில் ஓடுபவை. புறப்படும்போது மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கருவியிலிருந்து மூன்று சுரம் வரிசையாக எழும்பும். மொன்றியல் சனத்துக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம். புதிய அசூர் ரயில்களில் கதவு மூடும்போது அதே சுரத்தைப் பதிவுசெய்து போடுகிறார்கள். பிறேக் கட்டையோ மரம்! மஞ்சள் பேர்ச் மரத்தைக் கச்சான் எண்ணெயில் ஊறவைத்துச் செய்வது. அழுத்திப் பிறேக் பிடித்தால் மேடையில் லேசாகக் கருகல் மணம் வரும். நல்லூர்த் திருவிழாவில் கச்சான் கொஞ்சம் கூட வறுபட்டுவிட்ட மாதிரி.

மேலே ஏறினால் ஜோன்-தலோன் தெரு. துர்க்கை அம்மன் கோயில், சாறிக் கடை, மரக்கறிக் கடை, எல்லாம் நடக்கிற தூரம். 2019இல் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மொன்றியல் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகம் திறந்தது. மாணவர்களும் இந்தப் பக்கம் வீடு தேடத் தொடங்க, வாடகை ஏறிக்கொண்டே போகிறது. இதுதான் எனக்குப் பெரிய கவலை. கார் வாங்க வசதியில்லாத, புதிதாக வந்த குடும்பங்கள்தான் மெற்றோவை நம்பி இங்கே வந்தவை, இடம்பெயர்வதும் அவைதான். எங்கள் மேல்வீட்டுக் குடும்பமும் பக்கத்து நகரமான லவாலுக்குப் போய்விட்டது. சனிக்கிழமைகளில் பஸ் எடுத்து அங்கேயுள்ள மோன்மொரான்சி மெற்றோ நிலையத்துக்கு வந்து, ஆரஞ்சுப் பாதையில் ஜோன்-தலோன் மெற்றோ நிலையம் வரை வந்து, அங்கே நீலத்துக்கு மாறி பார்க்கில் இறங்கி, இன்னமும் எங்கள் தெருக் கடைகளில்தான் முருங்கைக்காயும் மீனும் வாங்குகிறார்கள்.