என்எஸ்-2-ல் நகரும் கணுக்களை அமைத்த அனுபவம்: என் நாள்கள் வீணான இடங்கள்

பகுதிநேர முதுகலைப் படிப்பின் ஆய்வறிக்கைக்காக ஐம்பது நகரும் கணுக்களை, அதாவது கைபேசிகளுக்கு நிகரான புள்ளிகளை, கணினி வலையமைப்புகளைப் போலியாக ஓட்டிப் பார்க்கும் என்எஸ்-2 சிமுலேட்டரில் ஓடவிட்டு, வரைபடங்களை அச்செடுத்து என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் கொடுத்தேன். அவர் முதல் தாளைப் பார்த்துவிட்டு, என் ஆய்வுக்களமான சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: ஈசூனில் மக்கள் மணிக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர் வேகத்திலா நடக்கிறார்கள்? மூன்று வாரம் இரவு இரவாக ஓட்டியெடுத்த முடிவுகள் அந்தக் கேள்வியோடு குப்பைக்குப் போயின. இதே வேலையில் இறங்கப்போகும் ஒருவருக்காவது அந்த மூன்று வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கைத்தொலைபேசிச் சேவை முடங்கிப்போனால், ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் பேட்டையில் நடமாடும் மக்களின் கைபேசிகள் தங்களுக்குள்ளேயே செய்தியைக் கைமாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியுமா என்பதுதான் என் ஆய்வு. ஆகவே கணுக்கள் மனிதர்களைப் போல நடக்க வேண்டும். என்எஸ்-2-க்கு நாம் டிசிஎல் மொழியில் எழுதும் நிரலில் ஒரு கணுவை நகர்த்த ‘செட்டெஸ்ட்’ என்ற கட்டளையைக் கொடுப்போம்; அதில் முதல் இரண்டு எண்களும் போய்ச்சேர வேண்டிய இடம், மூன்றாவது எண் வேகம். மனிதன் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பான் என்று மனத்தில் வைத்துக்கொண்டு அங்கே 5 என்று எழுதிவிட்டேன். அந்த எண் நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கு. நொடிக்கு 5 மீட்டர் என்பது மணிக்கு 18 கிலோமீட்டர். நான் எழுதியிருக்க வேண்டியது 1.39. சிமுலேட்டர் எந்த எச்சரிக்கையும் தரவில்லை, தரவும் தராது. அதே கட்டளையில் போய்ச்சேரும் இடத்தைக் களத்தின் ஓரத்திலேயே, அதாவது 0 என்றோ களத்தின் முழு நீளம் என்றோ கொடுத்தால் மட்டும் உடனே பிழை காட்டி நின்றுவிடும். எல்லைக்குள் சற்றுத் தள்ளிக் கொடுங்கள்.

நிறுவும் கட்டத்தில் பெரிய தொல்லை ஒன்றுதான். என்எஸ்-2-ன் 2.35 பதிப்பு 2011-ல் வெளியானது. இன்றைய சி பிளஸ் பிளஸ் கம்பைலர் அதன் லிங்க்ஸ்டேட் கோப்புறையில், எல்எஸ் தலைப்புக் கோப்பின் 137-ஆம் வரியில் நின்றுவிடும். அங்கே ‘எரேஸ்’ என்பதற்கு முன்னால் ‘திஸ்’ சுட்டியையும் அம்புக்குறியையும் சேர்த்தால் தாண்டிவிடலாம். இதைவிட, ஆய்வுக்கூடக் கணினியில் கணக்குத் திறக்கத்தான் அதிகம் அலைந்தேன். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று தொலைபேசியில் இரண்டு முறை கேட்டேன். மாணவர் அட்டை போதும் என்றார் முகப்பிலிருந்த அலுவலர். வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் முக்கால் மணி நேரம் பயணம் செய்து போய் நின்றபோது, பேராசிரியரின் கையொப்பம் இல்லாத படிவத்தை ஏற்க முடியாது என்று திருப்பிக் கொடுத்தார். பகலில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு மாலை என்பது எவ்வளவு பெரியது என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் அந்த ஒரு சொல்லைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். கையொப்பத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செய்தி எந்தெந்தக் கணு வழியாகப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் ஏஓடிவி நெறிமுறை முதல் முயற்சியிலேயே ஓடியது. ஒப்பிட்டுப் பார்க்க டிஎஸ்ஆர் என்ற இன்னொரு நெறிமுறை வேண்டும் என்று ரூட்டிங் வரியில் பெயரை மட்டும் மாற்றினேன். ஓடத் தொடங்கிய கணமே ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று செத்து விழுந்தது. கணுக்களின் எண்ணிக்கையைக் குறைத்தேன், நினைவகம் போதவில்லையோ என்று வேறு கணினிக்கு மாறினேன், முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். ஒரு வாரம் போனது. காரணம் ரூட்டிங் வரியில் இல்லை, அதற்குச் சில வரிகள் கீழே, பாக்கெட்டுகள் (செய்தித் துண்டுகள்) அனுப்பப்படக் காத்திருக்கும் வரிசையின் வகையைச் சொல்லும் இடத்தில் இருந்தது. எல்லாப் பயிற்சிக் குறிப்புகளிலும் வரும் ‘டிராப்டெயில் ப்ரை-கியூ’ வரிசை டிஎஸ்ஆருக்கு ஆகாது. அதற்கென்றே உள்ள ‘சிஎம்யூ ப்ரை-கியூ’வைக் கொடுக்க வேண்டும். என்எஸ்-2-ன் நகரும் கணுப் பகுதி கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மோனார்க் திட்டத்திலிருந்து வந்தது, அந்தப் பெயரில் இருக்கும் சிஎம்யூ அதுதான். ஒரு சொல்லை மாற்றியதும் ஓடியது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வேகத்தைத் திருத்திய பிறகும் முடிவுகள் நம்பமுடியாத அளவுக்கு நன்றாக இருந்தன. அனுப்பிய பாக்கெட் ஏறத்தாழ எல்லாமே போய்ச்சேர்ந்தது. எனக்கு மகிழ்ச்சி. அதே ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் அக்கா ஒருவர் என் திரையைப் பார்த்துவிட்டு, “தம்பி, டிரேஸ் ஃபைல ஒரு வாட்டியாவது தொறந்து பாத்தியா?” என்று கேட்டார். நான் வரைபடத்தை மட்டுமே பார்த்திருந்தேன். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் என்ன ஆனது என்று பதிவாகும் டிரேஸ் கோப்பில் ‘டி’ (D) என்ற எழுத்தில் தொடங்கும் வரிகள் தொலைந்த பாக்கெட்டுகள். வழியே இல்லாமல் தொலைந்ததா, வரிசை நிரம்பித் தொலைந்ததா, மோதித் தொலைந்ததா என்ற காரணமும் அதே வரியில் இருக்கும். என் கோப்பில் வழியில்லாமல் தொலைந்தவை அபூர்வம். 600 மீட்டர் சதுரத்தில் ஐம்பது பேர், புளோக்குகளுக்கு நடுவே நடக்கிறார்கள், எவருக்கும் வழி அறுபடவில்லை என்றால், ஒவ்வொரு கைபேசியும் மிகத் தொலைவுக்குக் கேட்கிறது என்று பொருள்.

அப்படித்தான் இருந்தது. நாம் எதையும் சொல்லாவிட்டால் என்எஸ்-2 ஒரு கணுவின் பேச்சை 250 மீட்டர் வரை கொண்டுபோகும். 550 மீட்டர் வரை உள்ள கணுக்கள் அலைவரிசை உபயோகத்தில் இருக்கிறதென்று உணர்ந்து காத்திருக்கும். 914 மெகாஹெர்ட்ஸ், 0.2818 வாட், ஒன்றரை மீட்டர் உயர ஆன்டெனா, தடையே இல்லாத சமதரை: பழைய வேவ்லான் கம்பியில்லா வலையமைப்பு அட்டையை வைத்துப் போட்ட கணக்கு அது. கான்கிரீட் சுவர்களும் மின்தூக்கிகளும் நிறைந்த பேட்டைக்கு அது எப்படிப் பொருந்தும்? எட்டும் தூரத்தை 100 மீட்டராகக் குறைக்க, என்எஸ்-2-வோடு வரும் ‘த்ரெஷோல்ட்’ என்ற சிறு நிரலைக் கேட்டேன்; ஏற்புத் திறன் வரம்பை, அதாவது செய்தியை ஏற்கத் தேவையான குறைந்தபட்ச அலைத்திறனை, 1.42681 × 10⁻⁸ வாட் என்று கொடுத்தது. அதை நிரலில் எழுதி ஓட்டினேன். முடிவில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

இரண்டு மாலைகள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு பிடிபட்டது: அந்த வரியைக் கணுக்களை உருவாக்கிய சுழற்சிக்குக் கீழே எழுதியிருந்தேன். கணு பிறக்கும் நேரத்தில் என்ன மதிப்பு இருக்கிறதோ அதைத்தான் அது தன்னோடு எடுத்துக்கொள்ளும். பிறந்த பிறகு பொது மதிப்பை மாற்றினால் அதன் காதில் ஏறாது. கணுக்களின் பண்புகளைச் சொல்லும் ‘நோட்-கான்ஃபிக்’ அமைப்புகளுக்கும் இதே விதிதான். மேலே தூக்கி வைத்ததும் வழியின்றித் தொலைந்த பாக்கெட்டுகள் டிரேஸ் கோப்பில் வரிவரியாக வந்து நின்றன. ஆய்வுக்கு அவைதான் வேண்டும் என்பதால், தோல்விகளைப் பார்த்து நிம்மதியடைந்தேன். ஒன்று சொல்ல வேண்டும்: ஏற்பு வரம்பை மட்டும் மாற்றிவிட்டு, உணரும் வரம்பை அப்படியே விட்டால், 100 மீட்டர் மட்டுமே பேசக்கூடிய கைபேசி 550 மீட்டர் தொலைவில் உள்ளவருக்காகவும் வாய்மூடிக் காத்திருக்கும். நான் அதை 220 மீட்டருக்கு, அதாவது 6.09 × 10⁻¹⁰ என்று, சேர்த்தே திருத்தினேன்.

கணுக்கள் தாமாகத் திரிய, நகர்வுக் கோப்பைத் தயாரிக்கும் தனி நிரலுக்கும் செட்டெஸ்ட் என்றே பெயர், குழம்ப வேண்டாம். அதன் முதல் பதிப்பில் குறைந்தபட்ச வேகம் பூஜ்யத்துக்கு மிக அருகில் இருக்கலாம். மிக மெதுவான வேகமும் நெடுந்தூர இலக்கும் கிடைத்த கணு ஊர்ந்துகொண்டே இருக்கும், அப்படிப்பட்டவை நேரம் ஆக ஆகச் சேர்ந்துகொண்டே போவதால் சராசரி வேகம் விழுந்துகொண்டே வரும். 2003-ல் இன்ஃபோகாம் மாநாட்டில் வந்த கட்டுரை ஒன்று இதை விளக்கமாகவே காட்டியிருக்கிறது. இரண்டாம் பதிப்பில் குறைந்தபட்ச வேகத்தைக் கொடுக்கலாம். நான் நொடிக்கு 0.5 மீட்டர் கொடுத்து, தொடக்கப் பகுதியைக் கணக்கிலிருந்து வெட்டிவிட்டேன்.

முப்பது முறை ஓட்டிச் சராசரி எடுத்தபோது முப்பதும் கடைசி இலக்கம் வரை ஒன்றாகவே வந்தன. தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணை மாற்றாவிட்டால் ஒவ்வொரு முறையும் 12345-லிருந்துதான் தொடங்கும். ஓட்டத்துக்கு ஓர் எண் கொடுத்து மறுபடி ஓட்டினேன்.

போன வெள்ளிக்கிழமை புதிய வரைபடங்களோடு போனேன். வேகம், எட்டும் தூரம், உணரும் தூரம், வரிசையின் வகை, விதை எண்கள் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையாக முதல் பக்கத்திலேயே வைத்திருந்தேன். பேராசிரியர் அந்த அட்டவணையை வரிவரியாக விரல் வைத்துப் படித்தார், பிறகுதான் வரைபடத்துக்குப் போனார். இந்த முறை அவர் கேட்டது ஈசூன் மக்களின் வேகத்தைப் பற்றியல்ல, மின்தூக்கிக்குள் இருப்பவர்களை என்ன செய்யப்போகிறாய் என்பது. அடுத்த மாதம் சமதரைக் கணக்கை விட்டுவிட்டு இடத்துக்கு இடம் அலையின் வலு மாறுவதையும் கணக்கில் கொள்ளும் ஷேடோயிங் மாதிரிக்கு மாறுகிறேன்.